சாட்சி பாட்டில்

போன மாதம் துபாயிலிருந்து, அங்கே என்னோடு வேலை பார்த்த அன்புச்செல்வன் பேசினான். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, ஒங்க கிச்சனை மூடிட்டாங்கக்கா" என்றான். ஆள் போன சேதி சொல்கிற குரல்.

"மூடிட்டு என்ன செய்யுதாவ?"

"இனிமே எல்லாம் ரெடிமேடுக்கா. டப்பாவைப் பிரிச்சா சாறு பாட்டில்ல தயாரா இருக்கு. புதுசா வந்த பிள்ளைங்களுக்குக் காய்ச்சவே தெரியல. ஒரு நாள் கப்பல் வரலன்னா கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்கிதுங்க. நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்."

"ஏல, எனக்குக் கையெழுத்துப் போடவே மூச்சு வாங்கும். கட்டுரை வேற எழுதணுமாக்கும்?" என்று கடிந்துகொண்டு போனை வைத்தேன். சாயங்காலமே கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்துவிட்டேன்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும் படித்திருக்கிறேன். துபாயில் அல் குசைஸ் என்ற இடத்தில் இருந்த ஒரு சோதனைக்கூடத்தில் கிருமிகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு யார் பெருகினார்கள் என்று நானும் கேட்பதில்லை.

நான் அந்த நாட்டுக்குப் போனது வீட்டு வேலைக்கு. ஷார்ஜாவில் ஓர் அரபி வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆனதும், வீட்டம்மாவின் தம்பி நடத்திய சோதனைக்கூடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். முதலில் தரை துடைத்தேன், பிறகு கண்ணாடி கழுவினேன், பிறகு காய்ச்சினேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நாள் ஆனது என்பதை விட்டுவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பாஸ்போர்ட்டில் விசா அடித்த பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் முன்பு வீட்டுப் பணிப்பெண் என்று இருந்தது. அங்கே போன பிறகு லேப் அட்டெண்டர் என்று அடித்துக் கொடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லின் வடிவம் தெரியும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ கேன்டீன் நடத்தியதாக நினைத்துக்கொள்வீர்கள். ஒட்டகப் பாலில் ஒரு புரதம் இருக்கிறது. அதை வயிற்றில் செரிப்பதுபோலக் குடுவையில் செரிக்க வைத்தால் துண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுக்குப் பெயர் பெப்டைடு. சில துண்டுகளுக்கு ஒரு குணம்: கிருமியின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். எந்தத் துண்டு எந்தக் கிருமியை எவ்வளவு போட்டால் அடக்கும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பண்ணையிலிருந்து டிரைவர் கான் பாய் வேன் நிறையப் பால் கொண்டுவந்து இறக்குவார். அவ்வளவு பாலும் போய்க் கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடிதான் கைக்கு வரும். "இத்தினி பாலுக்கு இம்புட்டுத்தானா?" என்று நான் கேட்டபோது அன்பு என்னை முறைத்தான். அந்தச் சிட்டிகைக்காக அவன் வாரக்கணக்காக வடிகட்டிக் கொண்டிருந்தவன்.

பரிசோதிப்பது ஒரு பிளாஸ்டிக் பலகையில். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். எறும்பு வீட்டுக் கல்யாணத்துக்குக் குழிப்பணியாரக் கல் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. எல்லாக் குழியிலும் நான் காய்ச்சிய சாற்றை விட்டு, முதல் குழியில் பெப்டைடைக் கெட்டியாகப் போடுவார்கள். அடுத்ததில் அதில் பாதி. அதற்கடுத்ததில் அதிலும் பாதி. பிறகு கிருமியை விட்டு, இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பாக்டீரியாவுக்கு ஒரு பெட்டி, ஈஸ்டுக்கு ஒரு பெட்டி. குழி கலங்கியிருந்தால் கிருமி சாப்பிட்டுப் பெருகியிருக்கிறது. தெளிவாக இருந்தால் பெப்டைடு ஜெயித்திருக்கிறது. ஓரத்தில் சில குழிகளில் மருந்தும் போட மாட்டார்கள், கிருமியும் போட மாட்டார்கள். வெறும் சாறு. அது மட்டும் கலங்கவே கூடாது. கலங்கினால் அந்தப் பலகை சொல்வது அத்தனையும் பொய்.

இதில் என் பங்கு என்னவென்றால், மருந்து கொன்றதா என்று தெரிய வேண்டுமானால் கிருமி முதலில் நன்றாக வளர்கிறதாக இருக்க வேண்டும். பட்டினியில் செத்ததை மருந்தில் செத்தது என்று எழுதினால் அது மோசடி. ஆகவே நாளைக்குக் கொல்லப் போகிறவனுக்கு இன்றைக்கு வயிறாரப் போட வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

பாக்டீரியாவுக்கு மாட்டிறைச்சிச் சாறு கலந்த பொடி. ஈஸ்டுக்குச் சர்க்கரை போட்ட இனிப்புச் சாறு. அதை நான் பாயசம் என்பேன். பொடியைக் கட்டி தட்டாமல் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்காமல் தளர்த்தி, ஆட்டோகிளேவில் அடுக்க வேண்டும். அது நம் பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா. மூடியை இறுக்கிவிட்டால் பாட்டில் வெடிக்கும். உள்ளே இருக்கிற காற்றெல்லாம் ஆவியோடு வெளியேறிய பிறகுதான் வால்வை அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் சரியாகக் காட்டும், உள்ளே சூடு பத்தாது. சாப்பிட வருகிறவர்களுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். ஈ.கோலை அவசரக்காரன், காலையில் விட்டால் மாலைக்குள் கூட்டம் போட்டுவிடுவான். ஸ்டாஃப் என்கிற கிருமி, தட்டில் பொன் நிறப் பொட்டாக வருவாள், அவள் பொன்னாத்தா. கேண்டிடா என்கிற ஈஸ்டு வெள்ளையம்மா. மெதுவாக வருவாள், வந்தால் போக மாட்டாள்.

கழுவுவது காய்ச்சுவதைவிடக் கஷ்டம். கண்ணாடியில் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் அதுவே கிருமியைக் கொன்றுவிடும், பெயர் பெப்டைடுக்குப் போய்விடும். அலசி, அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசித் தூக்கிப் பிடித்தால், தண்ணீர் கண்ணாடியில் துணி விரித்ததுபோல ஒரே பரப்பாக இறங்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் அது அழுக்கு. மறுபடியும் முதலிலிருந்து.

இந்த அத்தனையையும் எனக்குச் சொல்லித் தந்தவர் டாக்டர் வத்சலா. அந்தக் கூடத்துக்குத் தலைவி, சென்னைக்காரர். வீட்டில் வெங்காயம்கூட யோசித்துத்தான் சேர்ப்பார். மாட்டுச் சாறு காய்ச்சுகிற பக்குவத்தை எனக்கு அவர் சொன்ன அழகு இருக்கிறதே, கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் அதுதான் சமையல் என்று நினைப்பார்கள்.

டாக்டரம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவரிடம் மரியாதைதான் ஏறும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அதே தப்பை இன்னொரு தரம் பார்ப்பார். அந்த நேரத்துக்குள் தப்புச் செய்தவருக்கு வியர்த்துவிடும். பிறகு, "பேச்சியம்மா, நாம இந்தக் குடுவையை அலச மறந்துட்டோம் போலிருக்கே" என்பார். யார் செய்த தப்பானாலும் அவருக்கு 'நாம'தான். மறந்தது நான். கூட்டுச் சேர்வது அவர். திட்டினால்கூடத் தாங்கலாம்.

அவருடைய சட்டங்களில் தலையாயது, கூடத்துக்குள் தின்பண்டம் எதுவும் வரக்கூடாது. வாசலில் படம் போட்டு எழுதி ஒட்டியிருந்தார். கொண்டுவந்தால் தண்டனை, ஒரு வாரம் என் தொட்டியில் நின்று கண்ணாடி கழுவ வேண்டும். அன்பு புதுக்கோட்டைப் பிள்ளை, அப்போதுதான் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்திருந்தான். கோட்டுப் பையில் ஒரு கடலை மிட்டாயோடு பிடிபட்டான். "அன்பு, நாம பசியா இருக்கோம் போலிருக்கே?" என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் என் பக்கத்தில் நின்று கழுவினான். அந்த மிட்டாயை அவன் தின்னக்கூட இல்லை என்பது இன்றைக்கும் அவனுக்குத் தீராத வருத்தம்.

இன்னொரு சட்டமும் உண்டு. நான் காய்ச்சுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து, கிருமி எதுவும் விடாமல், மூடியை இறுக்கி அலமாரியில் வைக்க வேண்டும். அந்தத் தடவைச் சாறு பூராவும் தீரும்வரை அது அங்கேயே நிற்கும். அதற்கு அவர்கள் வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாததால் நான் சாட்சி பாட்டில் என்றேன். கொஞ்ச நாளில் எல்லாரும் அப்படியே சொன்னார்கள்.

இப்போது அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன்.

துபாயில் ஏது குளிர் என்பீர்கள். ஜனவரியில் வந்து பாருங்கள். வெளியே குளிர், உள்ளே வருஷம் முழுக்க ஏ.சி. அல் குசைஸில் எங்கள் அறையில் நான் அரைத்து வைத்த தோசை மாவு, வைத்த மேனிக்கு அசையாமல் இருந்தது. போர்வை போர்த்திப் பார்த்தேன். மாவுக்குப் போர்த்திவிட்டு நான் நடுங்கினேன். அதுவும் புளிக்கவில்லை. அறையில் இருந்த மற்றப் பெண்கள், "கிருமி வளக்குற கைக்கு மாவு பொங்கல பாரு" என்று கேலி வேறு பண்ணினார்கள்.

அதே மாதத்தில் டாக்டரம்மாவின் மாமியார் விசிட் விசாவில் சென்னையிலிருந்து வந்திறங்கினார். அதிலிருந்து டாக்டரம்மா காலையில் எல்லாருக்கும் முந்தி வர ஆரம்பித்தார். சாயங்காலம் எல்லாருக்கும் பிந்திப் போனார். எங்கள் மேனேஜர் மேத்யூ சார், கோட்டயத்துக்காரர், அதை எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். "டாக்டரைக் கண்டு படிக்கணும். டூட்டின்னா அதாணு டூட்டி" என்று அன்புவிடம் தினமும் சொன்னார்.

இன்னொன்றும் நடந்தது. மதியம் வெளிக்கட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது டாக்டரம்மாவின் டப்பாவில் இட்லி வந்தது. பஞ்சு. தொட்டால் அமுங்கி எழுந்தது. எனக்கு ஒன்று கொடுத்தார். பொறாமையை மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"எப்படி டாக்டரம்மா இந்தக் குளிர்ல மாவு பொங்குது? நானும் தலையால தண்ணி குடிக்கேன்."

"கை ராசி, பேச்சியம்மா" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அன்புவின் பலகைகள் கெட ஆரம்பித்தன. வெள்ளையம்மாவுக்கு எதிராகப் பெப்டைடு போட்ட பலகை. எல்லாக் குழியும் கலங்கியிருந்தது. கெட்டியாக மருந்து போட்ட முதல் குழியும் கலங்கல். சரி, மருந்து தோற்றது என்று வைத்துக்கொண்டாலும், ஓரத்தில் வெறும் சாறு மட்டும் இருந்த குழிகளும் கலங்கியிருந்தன. மறுபடி வைத்தான். மறுபடியும் அதே. பொடி தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் இன்னும் ஒரு பலகைக்குத்தான் தேறும் என்றாயிற்று. அடுத்த பொடி வர இன்னும் எத்தனை வேன் பால் இறங்க வேண்டுமோ.

அர்பாப், அதாவது முதலாளி, ஈஸ்டு என்ன ஆனது என்று கேட்டு அனுப்பினார். மேத்யூ சார் நேராக என் சமையலறைக்கு வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாட்டில்களைப் பார்த்தார்.

"சேச்சி, ஒண்ணும் போடாத குழியில கிருமி வருதுன்னா சாறு கெட்டதுன்னுதானே அர்த்தம்?"

"என் சாறு கெடல சார்."

"அது சேச்சி பறஞ்சா போதுமா? அர்பாபுக்கு நான் எந்து பறயும்? வெளிநாட்டுல ரெடிமேடா கிட்டும். அதை வாங்கிட்டா இந்த அடுப்பே வேண்டா. சேச்சியோட விசா அடுத்த மாசம் புதுக்கணும். புதுக்க வேண்டான்னு எழுதினா கலாஸ், கதை முடிஞ்சு, சேச்சிக்கு நாட்டுல சுகமா இருக்கலாம்."

"நாட்டுல சுகமா இருக்கணும்னா நான் ஏன் இங்க வாரேன்? நீங்க கோட்டயத்துல சுகமா இருக்கிறதுதானே?" என்றேன். வீட்டு வேலைக்குத் திரும்பிப் போகலாம், வேலை என்னவோ வேலைதான். ஆனால் பாஸ்போர்ட்டில் அந்த இரண்டு சொல்லை அடித்துவிட்டுப் பழையதை எழுதுவார்களே. அதைவிட, கெட்ட சாறு காய்ச்சினவள் என்ற பெயரோடு போவதா? அவசரக்காரனும் பொன்னாத்தாவும் ஒரு நாள் குறை சொன்னதில்லை.

டாக்டரம்மா வந்தார். நடந்ததைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேத்யூ, தீர்ப்பை நாம கொஞ்சம் சீக்கிரமா சொல்லிட்டோம் போலிருக்கே. முதல்ல சாட்சியை விசாரிக்கலாமா?"

அலமாரியிலிருந்து சாட்சி பாட்டிலை எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். வெயில் அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. தேன் நிறம், ஒரு தூசி இல்லை, ஒரு மூட்டம் இல்லை. மேத்யூ சாரிடம் நீட்டினார். அவர் குலுக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். அது தெளிவாகவே இருந்தது.

"இது இந்த அலமாரியில இருந்துச்சு சார், சூட்டுப் பெட்டியில இல்லையே. சூட்டுல வெச்சாதானே வளரும்?" என்று அன்பு இழுத்தான். எனக்கு அவனைத் தொட்டியில் முக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் டாக்டரம்மா, "சரியான கேள்வி" என்றார். பாட்டிலைப் பாக்டீரியா வளர்க்கிற சூட்டுப் பெட்டியில் வைத்தார். அதோடு நிற்கவில்லை. நான்கு தட்டுகளை எடுத்தார். ஈஸ்டுக்கான சாற்றை என் கையாலேயே ஊற்றி உறைய வைத்த வெறும் தட்டுகள். மூடியைத் திறந்து ஒன்றை என் சமையலறையில் வைத்தார், ஒன்றை அன்பு பலகை போடுகிற மேசையில், ஒன்றைப் பாக்டீரியாப் பெட்டியில், ஒன்றை ஈஸ்டு வளர்க்கிற பெட்டியில். அங்கங்கே காற்றில் என்ன மிதக்கிறதோ அது தட்டில் விழுந்து முளைக்கும். கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு மூடி, எல்லாவற்றையும் வளர விட்டார்.

"முளைச்ச இடத்துல இருக்கிறவங்க பொறுப்பு" என்றார். "என் சமையலறையா இருந்தா நான் பெட்டி கட்டிடுதேன்" என்றேன். அன்பு தன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

தட்டுகளைப் பார்க்கிற அன்று மேத்யூ சாரையும் வரச் சொன்னார். "குற்றம் சொன்னவர் கூட இருக்கணும்" என்றார். முதலில் சாட்சி பாட்டில் வெளியே வந்தது. சூட்டில் இருந்துவிட்டு வந்தும் தெளிவு. என் மூச்சு பாதி வந்தது. என் சமையலறைத் தட்டைத் திறந்தார். ஒன்றுமில்லை. மீதி மூச்சும் வந்தது. அன்புவின் தட்டு, சுத்தம். பாக்டீரியாப் பெட்டித் தட்டு, சுத்தம். நாலாவது ஈஸ்டுப் பெட்டித் தட்டு. அதை எடுத்தவர் அப்படியே நின்றார். தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக, பளபளவென்று, வடகம் பிழிந்து போட்டதுபோல.

அதில் கொஞ்சம் தொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேண்டிடாவா மேடம்?" என்றான் அன்பு.

"இல்ல. நம்ம வளர்க்கிற ஈஸ்ட் இல்ல. கூடவே உருண்டையா, ஜோடி ஜோடியா பாக்டீரியாவும் இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் எழுந்து ஈஸ்டுப் பெட்டியின் கதவைத் திறந்து, முழங்காலிட்டுக் குனிந்து, நடு அடுக்குக்கு அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார். வெளியே வந்த விரல் நுனியில் காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கு. எங்கள் நாலு பேருக்கும் புளித்த வாசனை வந்தது.

மேத்யூ சார் எட்டிப் பார்த்தார். "எந்தா அது டாக்டர்? ஃபங்கஸா?"

"இல்ல மேத்யூ. இட்லி மாவு."

மேத்யூ சார் நிமிர்ந்தார்.

"ஆரோட இட்லி மாவு?" மேத்யூ சாரின் கண் என்னிடம் வந்தது. இட்லி மாவு என்றால் என்னிடம்தானே வரும்.

"என்னோடது" என்றார் டாக்டரம்மா. எழுந்து நின்று, கோட்டை நேராக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான்தான் வெச்சேன். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் தூக்குல வெச்சுட்டு, காலையில எல்லாரும் வரதுக்கு முன்னாடி எடுத்துக் கார்ல வெச்சுடுவேன். ஒரு நாள் பொங்கி வழிஞ்சிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அடியில வழிஞ்சதைப் பார்க்கல. அதுக்குக் கீழேதான் அன்புவோட பலகை இருந்திருக்கு. பரப்புற மீதி வேலையைப் பெட்டி விசிறி பார்த்துக்கிச்சு."

மேத்யூ சார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டூட்டி என்றால் அதுதான் டூட்டி என்று மாதம் முழுக்கச் சொன்ன வாய், திறந்தபடி நின்றது.

"இதை அர்பாப்புக்கு நானே சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மேத்யூ, பேச்சியம்மாவோட சாறு எப்படி இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்து, "சேச்சி, சாறு நல்லா இருக்கு" என்றார், குடித்துப் பார்த்தவர் மாதிரி.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?" என்றேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா என் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டுக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். சட்டம் சட்டம்தானே, ஒரு வாரம். பெரிய மனசுக்காரிகளாக இருந்தால், "ஐயோ வேண்டாம் டாக்டரம்மா, நீங்க போங்க" என்று தடுத்திருப்பார்கள். நான் ரப்பர் ஏப்ரனை எடுத்துக் கொடுத்தேன்.

கழுவினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குடுவையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் குடுவையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நான் மூக்குக் கண்ணாடி போடுவதில்லை. ஆனாலும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

"டாக்டரம்மா, நாம இதைச் சரியா அலசல போலிருக்கே."

அந்தப் பக்கம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அன்பு, துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினான், சிரிக்க. டாக்டரம்மா குடுவையை வாங்கி மறுபடி அலசினார். உதடு மட்டும் துடித்தது. அவருக்கும் சிரிப்புத்தான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கை தண்ணீரில் இருக்கும்போது தானாகப் பேசினார். "மாமியார் வந்த அன்னிக்கு நான் போட்ட இட்லியைத் தட்டுல தட்டிப் பார்த்தாங்க பேச்சியம்மா. டொக்குனு சத்தம் வந்துச்சு. ஒண்ணும் சொல்லல. ஊறுகாய் மட்டும் கேட்டாங்க. பெட்டியில வெச்சு எடுத்த மாவுல போட்டப்போ, 'பரவாயில்லையே'ன்னாங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவங்க வாயில வந்த முதல் 'பரவாயில்லை' அது. அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல."

"இப்ப என்ன சொல்லுதாவ?"

"ஊறுகாய் கேக்கறாங்க."

ஒரு குடுவையை நான் கழுவி வைத்தேன். அன்றைக்கு அவருக்குக் கொடுத்திருந்த சலுகை அவ்வளவுதான்.

ஈஸ்டுப் பெட்டியை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கழுவி, மறுபடி திறந்த தட்டு வைத்துப் பார்த்துச் சுத்தம் என்று தெரிந்த பிறகு, அன்பு கடைசிப் பொடியைக் கரைத்துப் பலகை போட்டான். மறுநாள் எல்லாரும் பலகையைச் சுற்றி நின்றோம். ஓரக் குழிகள் கண்ணாடிபோல. முதல் சில குழிகளில் வெள்ளையம்மா அடங்கியிருந்தாள், நடுவழிக்குமேல் தலையெடுத்துவிட்டாள். பாக்டீரியாவை அடக்கிய அளவுக்கு அவளை அந்தப் பெப்டைடு அடக்கவில்லை. டாக்டரம்மா அதை உள்ளபடி எழுதி அனுப்பினார். உள்ளபடி என்றால், பலகை ஏன் கெட்டது, யாரால் கெட்டது என்பதையும் சேர்த்து. அர்பாப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றாம்: "இட்லின்னா என்ன?" என் விசா புதுப்பித்து வந்தது. தொழில் என்ற இடத்தில் அதே இரண்டு சொல். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு புதுப் பொடி வந்தபோது, அன்பு அந்த இட்லி மாவு ஈஸ்டையும் விடாமல் பரிசோதித்துப் பார்த்தான். கெட்டியாகப் போட்ட முதல் குழியிலேயே அது ஜம்மென்று வளர்ந்திருந்தது. "மேடம், மாமியாருக்கு நீங்க பொங்க வெச்ச மாவு ஒட்டகத்துக்கே அடங்கல" என்றான். அதற்குத் தண்டனை எதுவும் சட்டத்தில் இல்லாததால் தப்பித்தான்.

அதன்பின் பல வருஷம் அங்கே காய்ச்சினேன். நான் ஓய்வு பெற்றுக் கிளம்பிய அன்று மேத்யூ சார் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். டாக்டரம்மா என்னை அலமாரிக்கு அழைத்துப் போய், பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடிக்கு மேல் மெழுகு ஊற்றி அடைத்திருந்தார். அந்த ஜனவரிச் சாட்சி. சாறு தீர்ந்ததும் கொட்டிவிட வேண்டியதை, அவர் கொட்டாமல் வைத்திருந்திருக்கிறார். "இது ஒங்களோடது" என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டுவந்தேன். திருவனந்தபுரத்தில் கஸ்டம்ஸ்காரர் பிரித்து எடுத்து, "இதென்ன, தேனா?" என்றார்.

"சமையல்."

"யாருக்கு?"

"கிருமிக்கு" என்றேன். பாட்டிலைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

அன்பு, புதுப் பிள்ளைகளுக்குச் சொல். கட்டி தட்டாமல் கரைக்கச் சொல். மூடியைத் தளர்த்தி வைக்கச் சொல். காற்று முழுக்கப் போன பிறகு வால்வை அடைக்கச் சொல். ரெடிமேடோ என்னமோ, எது வந்தாலும் அதில் ஒன்றைத் தொடாமல் எடுத்து ஓரமாக வைக்கச் சொல். யார் என்ன சொன்னாலும் உங்களுக்காகப் பேசுவது அது ஒன்றுதான்.

கடிகாரம் நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. பாட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கஷாயம் என்று கேட்கிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் எடுத்து, ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது.